அழித்த பென்சில் வரி

பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து
எனக்குக் கோபாலபுரத்தில் இரவுப் பணி.
முதுகில் மருந்துத் தொட்டி, கையில் தெளிப்பான்.
கேரளத்திலிருந்து வரும் சக்கரங்களைக் குளிப்பாட்ட வேண்டும்.
முட்டை இறக்கிவிட்டு வெற்று அட்டைகளோடு திரும்பும் லாரி,
கூண்டுக் கம்பியில் இறகு மட்டும் ஒட்டியிருக்கும் டெம்போ.
பேரேட்டில் எண், நேரம், கையெழுத்து.
ஒன்றரைக்கு மேல் வண்டி குறைந்துவிடும்.

அப்போதுதான் அந்தப் புத்தகம்.
பொள்ளாச்சியில், நூலகத்தின் கடைசி அடுக்கில் எடுத்தது.
அட்டை இல்லை. முதல் நான்கு தாளும் இல்லை,
அதனால் அந்த நாட்டுக்குப் பெயரும் இல்லை.
தப்பி வந்த ஒருத்தி சொல்லச் சொல்ல
யாரோ எழுதி, வேறு யாரோ தமிழாக்கியது.

அவள் வீட்டு வானொலி சுவரோடு சேர்த்துப் பூசியது.
சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.
தலைவர் படத்துக்கென்று தனித் துணி.
அதனால் வேறெதையும் துடைக்கக் கூடாது.
காய்ச்சலில் அனத்திய மகனின் நெற்றியை
ஒருநாள் அவசரத்தில் அதனால் துடைத்துவிட்டாள்.
பிறகு அதைத் துவைத்து, முகர்ந்து, மறுபடி துவைத்து,
விடிவதற்குள் காய வேண்டுமே என்று
தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு படுத்தாள்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நான் டீ குடிக்கப் போனேன்.

டீக்கடை கேரளத்தில் இருக்கிறது.
இருபத்தாறு எட்டு. எண்ணியிருக்கிறேன்.
பத்தொன்பதாவதில் கைப்பேசி அதிர்ந்து
வேறு மாநிலத்துக்கு வரவேற்கும்.
யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்துகிற வேலை என்னுடையது,
அதுவும் கோழிக்கும் வாத்துக்கும்.

அவள் கடந்தது ஆறு.
உறைந்திருக்கும் என்று நம்பி இறங்கினாள்.
நடுவில் உறையவில்லை.
அதற்கு மேல் அவள்தான் சொல்லவில்லையோ,
எழுதியவர் விட்டுவிட்டாரோ,
அடுத்த வரியில் அக்கரையில் நிற்கிறாள்.
மகனைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.
நான் இரண்டு முறை திருப்பித் தேடினேன்.

கடையில் சென்னியப்பன் அண்ணன்
அவர் ஊர்க் கல்குவாரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
முதலாளி பெயர் வரும் இடத்தில் நிறுத்தி,
தோளுக்குப் பின்னால் ஒருதரம் பார்த்து,
"அவருதானுங்க, தெரியுமல்லோ" என்றார்.
இரவு இரண்டு மணி. கடைக்காரரும் ஒரு நாயும்தான்.
நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

இதுவும் அதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை.
என் வீட்டு ரேடியோவை நான் நிறுத்தலாம்.
என் தங்கை பேருந்தில் நின்றபடி
மந்திரியைப் பெயர் சொல்லித் திட்டுவாள்,
இறங்கும் இடத்தில் இறங்குவாள்.

ஆனால் நூற்றுப் பதினேழாம் பக்கத்தில்,
துணியைச் சுற்றிக்கொண்டு அவள் படுத்த வரிக்கு நேராக,
எனக்கு முன்னால் படித்த யாரோ
ஓரத்தில் பென்சிலால் எதையோ எழுதி,
அது அழிக்கப்பட்டிருக்கிறது.
எழுதியவரே அழித்தாரா, அடுத்து வந்தவரா?
யாராயினும் அவசரப்படவில்லை.
தாள் பிசிறவில்லை, தூளைக்கூட ஊதியிருக்கிறார்கள்.
டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தால்
பள்ளம் மட்டும் தெரிகிறது. மூன்று எழுத்து.
முதல் எழுத்து 'எ' மாதிரி. 'ந' மாதிரியும்.

ஹார்ன் சத்தம். தார்ப்பாய் கட்டிய வண்டி.
ஓட்டுநர் சுனோஜ், தெரிந்த பையன்.
"ஒண்ணுமில்ல சேச்சி, தவிடு" என்றான்.
தவிடு உள்ளே இருந்து கத்தியது.
முந்நூறு வாத்து இருக்கும்.
அவன் கெஞ்சவில்லை, நான் திட்டவில்லை.
பின்னோக்கி எடுத்து, அரைவட்டம் அடித்து,
அவை வந்த இருட்டுக்கே திரும்பிப் போயின.
போகும்போதும் கத்திக்கொண்டுதான் போயின.

உட்கார்ந்து அந்தப் பள்ளத்தை விரலால் ஒருமுறை தடவினேன்.
பிறகு பேரேட்டை இழுத்து
இரண்டு ஐம்பது, வாத்து, திருப்பி அனுப்பப்பட்டது
என்று எழுதினேன்.
பேனாவால்.